மேலே அணை கட்டினால் எங்கள் ஆற்று முகத்துவாரம் என்னவாகும்?

கரையோரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் திருகோணமலைக்கு வடக்கே குச்சவெளிப் பக்கம். ஊரை ஒட்டி ஒரு சின்ன ஆறு இருக்கிறது. பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் எழுதியது யார் என்று அரை மணித்தியாலத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆறு என்று சொல்கிறேனே தவிர, பங்குனிக்குப் பிறகு போய்ப் பார்த்தால் வெறும் மணல்தான், பெடியன்கள் கிரிக்கெட் அடிப்பார்கள். கையால் ஒரு முழம் தோண்டினால் ஊற்று வரும், முதலில் கலங்கல், இரண்டு தடவை இறைத்து ஊற்றினால் குடிக்கலாம். ஐப்பசி கார்த்திகையில் மழை இறங்கினால் அதே இடத்தில் ஆள் தாழும். கடலோடு சேரும் இடத்தில் கோடை முழுக்க மணல் திட்டு அடைத்துக் கிடக்கும், அதற்குப் பின்னால் சின்னதாக ஒரு களப்பு (கடல்நீரும் ஆற்றுநீரும் கலந்து நிற்கிற ஏரி), சுற்றிக் கண்டல் மரங்கள்.

மேலே காட்டுக்குள் இந்த ஆற்றை மறித்து அணை கட்டப்போவதாகக் கதை அடிபடுகிறது. போன மாதம் ஒரு கூட்டம் வைத்தார்கள். கோடைக்கும் தண்ணீர் வரும், சிறுபோகம் செய்யலாம், கிணறு வற்றாது என்றார்கள். வயல்காரர் கை தட்டினார்கள். என் மாமா, அதாவது மனைவியின் தகப்பன், நாற்பது வருடமாக அந்த முகத்துவாரத்தில் வீச்சுவலை போடுகிறவர், எழுந்து நின்று "முகத்துவாரம் வெட்டுப்படாமல் போனால் இறாலுக்கு என்ன செய்வது?" என்று கேட்டார். "ஐயா, கடலுக்கு வீணாகப் போகிற தண்ணீரைத்தானே மறிக்கிறோம்" என்று பதில் வந்தது. சிலர் சிரித்தார்கள். மாமா உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்தும் பேசவில்லை.

முகத்துவாரம் வெட்டுவதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் பெரிய மழைக்கு ஆறு இறங்கி வந்து திட்டுக்குப் பின்னால் கட்டி நிற்கும், தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி, மேலே சருகும் சாணமும் மிதக்கும். களப்போரத்து வீட்டுப் படி நனையத் தொடங்கியதும் நாலைந்து பேர் மண்வெட்டியோடு போய்த் திட்டின் குறுக்கே ஒரு முழ அகலத்தில் வாய்க்கால் கீறுவார்கள். மனிதர் செய்கிற வேலை அவ்வளவுதான். முதலில் காலில் பட்டும் படாமலும் ஓடும். ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்தால் முழங்கால் அளவு. பிறகு இரண்டு பக்க மணலும் பாளம் பாளமாகச் சரிகிற சத்தம் இரவு முழுக்கக் கேட்கும், விடியும்போது லொறி போகிற அகலம். வெள்ளம் தணிந்து கடல் உள்ளே ஏறும்போது இறால் குஞ்சும் கூட வரும். மாமா ஒரு வெள்ளைப் பீங்கானில் தண்ணீரை அள்ளிக் காட்டுவார்: உடம்பு தெரியாது, இரண்டு கறுப்புப் புள்ளி மட்டும் துள்ளும்.

என் கேள்வி இதுதான். வருடத்தில் பாதிக்கு மேல் காய்ந்து கிடக்கிற ஆற்றுக்கு அணை கட்டினால் அப்படி என்னதான் கெட்டுவிடும்? மாமா சொல்வதில் விஷயம் இருக்கிறதா, இல்லை வயதானவர்களுக்கு வருகிற வழக்கமான பயமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அரசியல் வேண்டாம்.


வட்டவிதானை எழுதியது:

தம்பி, நான் வயல்காரன், என் பக்கத்தைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

திருகோணமலையில் வருடத்துக்கு ஏறக்குறைய 1500 மில்லிமீற்றர் மழை. கேட்க நிறைய மாதிரி இருக்கும். அதில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும், பிறகு கச்சான் காற்று அடிக்கிற அடிக்குத் தென்னோலைகூடக் கருகும். வருகிற மழையை மறித்து வைக்காவிட்டால் இந்த மாவட்டத்தில் சோறு இல்லை. கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் கட்டினான் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள், அக்கபோ மன்னன் கட்டினான் என்று மற்றப் பக்கம் சொல்வார்கள், யார் கட்டியிருந்தாலும் அதுவும் தண்ணீரை மறித்த வேலைதான். ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட வேலை, இன்றைக்கும் அதில்தான் வேளாண்மை நடக்கிறது.

போன சிறுபோகத்தில் என்னுடைய 3 ஏக்கரில் கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்துத் தண்ணீர் முடிந்தது. பதர்தான் மிச்சம், மாட்டுக்கு விட்டேன். பசளைக்கடைக் கடன் இன்னும் தீரவில்லை. இறால் நல்லதுதான், நானும் தின்கிறவன். ஆனால் பத்து வலைக்காரருக்காக நூறு குடும்பத்தின் வயல் காய வேண்டுமா? மாமாவிடம் கோபமில்லாமல் இதைக் கேட்டுப் பாருங்கள்.


உப்புவெளிப் பெடியன் எழுதியது:

"கடலுக்கு வீணாகப் போகிற தண்ணீர்" என்று சொன்னவர் எவரும் இறால் குழம்பை வேண்டாம் என்று தள்ளியதாக நான் இதுவரை கேள்விப்படவில்லை.


நீரளவு எழுதியது:

கரையோரம், உங்கள் மாமா கேட்டது சரியான கேள்வி. நான் நீர்ப்பாசன வேலையில் தலை நரைத்தவன், அணைக்கு எதிரானவன் இல்லை, வட்டவிதானை ஐயா சொல்கிற சோற்றுக் கணக்கும் எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த 'வீண்' என்ற சொல்லைக் கேட்டால் எரிச்சல் வருகிறது. ஒரு காலத்தில் நானே மேடையில் அதைச் சொல்லியிருக்கிறேன், அதனால் கூடுதல் எரிச்சல்.

வருடம் முழுக்க ஓடுகிற ஆற்றை மறித்தால் ஓட்டம் குறையும். மாரிக்கு மட்டும் ஓடுகிற ஆற்றை மறித்தால் நடப்பது வேறு. கோடை முடியும்போது அணைக்குப் பின்னால் தண்ணீர் அடியில் கிடக்கும். ஐப்பசியில் விழுகிற முதல் மழை முழுவதும் அந்தப் பள்ளத்தை நிரப்பவே போகும், அது நிரம்பி வான் பாய்ந்தால்தான் (மிஞ்சியது அணையைத் தாண்டி வழிந்தால்தான்) கீழே ஆறு என்று ஒன்று இருக்கும். நல்ல மழை வருடத்தில் மார்கழியில் வான் பாயும். மழை குறைந்த வருடத்தில் பாயாது. காகிதத்தில் பார்த்தால் 'ஆற்றின் வருட நீரில் காற்பங்கைத்தான் எடுக்கிறோம்' என்று அழகாக எழுதியிருக்கும் (காற்பங்கு என்பது ஒரு பேச்சுக்கு), அது பொய்யாக இருக்காது. ஆனால் அந்தக் காற்பங்குதான் உங்கள் ஆட்கள் மண்வெட்டியோடு காத்திருக்கிற முதல் வெள்ளம்.

அது வராவிட்டால் என்ன? வாடைக் கடலின் அலை திட்டின் மேல் இன்னும் மணலை ஏற்றும். நீங்கள் கீறிவிட்டாலும் பின்னால் நின்று தள்ள வெள்ளம் இல்லாததால் ஒரு கிழமையில் திரும்ப அடைபடும். இறால் கடலில் முட்டையிடுகிறது, குஞ்சு களப்புக்குள் வந்து கண்டல் வேருக்குள் வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகிறது. மணலை மீனும் கொடுவா மீனும் அப்படி உள்ளேயும் வெளியேயுமாக வாழ்கிறவைதான். வாசல் பூட்டிக் கிடக்கிறதென்று வெளியில் நிற்கிற குஞ்சு தை மாதம் வரை காத்திருக்காது.

இன்னொரு பக்கம் இருக்கிறது, அதைக் கூட்டத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள், மாமாவும் எதிர்பார்த்திருக்க மாட்டார். நான் அம்பாந்தோட்டைப் பக்கம் சில வருடம் இருந்தேன். அங்கே கிரிந்தி ஓயாவை மறித்து 1980களில் லுணுகம்வெகர நீர்த்தேக்கத்தைக் கட்டினார்கள். வயலுக்குப் பாய்ந்து மிஞ்சிய நீர் எம்பிலிகல, மலல என்ற இரண்டு களப்புகளுக்குள் போய் விழத் தொடங்கியது. அவை புந்தல தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன, 1990இல் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாக (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம்) அறிவிக்கப்பட்ட இடம். அங்கே களப்புக்குத் தண்ணீர் குறையவில்லை, கூடியது! கோடையிலும் நன்னீர் வந்துகொண்டே இருந்ததில் உப்பு இறங்கிவிட்டது, இறால் பிடிப்பு விழுந்தது. களமெட்டியாவில் உடவளவைப் பாசன நீர் வந்து சேர்ந்ததில் வெட்ட வெளியாகக் கிடந்த நீர்ப்பரப்பைச் சம்புப் புல் மூடிக்கொண்டது. வயல் நீரோடு உரமும் வருமல்லவா, களைகளுக்கு அது விருந்து. ஆகவே உங்கள் களப்புக்கு மாரியில் வரவேண்டியது வராமலும் போகலாம், கோடையில் வரக்கூடாதது வந்தும் சேரலாம். மீன் பிடிக்கிறவருக்கு இரண்டும் நட்டம்.

மணலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஆறு கொண்டுவருகிற மணல் தேக்கத்துக்குள் படியும், கரைக்கு வருவது குறையும். ஆனால் ஆற்றுப் படுக்கையைக் கவனியுங்கள். வெள்ளம் வராத படுக்கையில் இரண்டு வருடத்தில் பற்றை ஏறும். பிறகு யாராவது வேலி போடுவார்கள், அதற்குப் பிறகு ஒரு கல்வீடு வரும். ஒரு பெருமழைக்கு வான்கதவு திறக்கிற அன்றைக்குத் தண்ணீருக்குப் போக வழி இருக்காது. அணை உள்ள ஆறு கோடையில் செத்துக் கிடப்பதைவிட, செத்துவிட்டது என்று நம்பி ஆட்கள் படுக்கைக்குள் குடியேறுவதுதான் எனக்குப் பயம்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் தூரம் போகத் தேவையில்லை. யான் ஓயா உங்களுக்குப் பக்கத்தில். 142 கிலோமீற்றர், நீளத்தில் நாட்டின் 5ஆவது ஆறு, ஹுருலுவெவக் குளத்தைத் தாண்டி வந்து திரியாய்க்கும் புல்மோட்டைக்கும் இடையில் கடலில் விழுகிறது. அதிலும் இப்போது மேலே பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. வருகிற ஐப்பசி தொடக்கம் தை வரை மாதம் ஒரு தடவை மாமாவைக் கூட்டிக்கொண்டு போய் முகத்துவாரத்தைப் பாருங்கள், அங்கே வலை போடுகிறவர்களோடு கதையுங்கள். நான் பத்துப் பக்கம் எழுதுவதைவிட அது மேல்.


தம்பலகாமத்தான் எழுதியது:

கந்தளாய் என்று பேச்சு வந்ததால் ஒன்று. 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் அந்தக் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். நான் அப்போது கைக்குழந்தை. இன்றைக்கும் மழை இரவென்றால் அம்மா மூன்று மணிக்கு எழும்பி வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்பார். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். அணை என்றதும் நினைவு வந்தது.


மூதூர்த் தயிர் எழுதியது:

நீரளவு நானா சொன்னதோடு எங்கள் பக்கத்துக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மகாவலி வற்றாத ஆறு, 335 கிலோமீற்றர், உங்கள் ஆற்றோடு ஒப்பிட்டால் யானையும் எலியும்தான். ஆனாலும் முதல் வெள்ளக் கணக்கு இரண்டுக்கும் ஒன்று.

எங்கள் வாப்பாவுக்கு எருமைப் பட்டி இருந்தது. கோடையில் வில்லுக்கு ஓட்டிப் போவார்கள். வில்லு என்றால் ஆற்றோரம் சட்டி மாதிரி இருக்கிற தாழ்ந்த நிலம். மாரியில் மகாவலி கரை தாண்டி அதற்குள் ஏறி நிரப்பிவிட்டுப் போகும். பிறகு மாதக் கணக்கில் மெல்ல மெல்ல வற்றும். வற்ற வற்ற ஓரத்தில் புதுப்புல் முளைக்கும், மாடு அந்தத் தண்ணீர் ஓரத்தின் பின்னாலேயே உள்ளுக்குள் போய்க்கொண்டிருக்கும். ஊரெல்லாம் காய்ந்து கிடக்கிற ஆவணியிலும் அங்கே பச்சை. நடுக்குழியில் மிஞ்சுகிற விராலைக் கையால் தடவிப் பிடிக்கலாம் என்று வாப்பா சொல்வார், அதில் பாதி புளுகு என்று வைத்துக்கொண்டாலும் பாதி உண்மை.

1976இல் பொல்கொல்லையில் தண்ணீரைத் திருப்பினார்கள், 80களில் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல என்று வரிசையாக அணைகள். வெள்ளம் குறைந்தது என்று ஊரில் சந்தோஷப்பட்டவர்களும் உண்டு, ஏன் பொய் சொல்ல வேண்டும். ஆனால் வில்லை நிரப்பியது அதே வெள்ளம்தான். அது குறைய வில்லும் குறைந்தது. யானைக்கும் கோடைச் சாப்பாடு அந்தப் புல்தான், அதற்காகத்தான் 1984இல் அந்த வெள்ளச் சமவெளியைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பூங்கா என்று பலகை நட்டால் புல் முளைக்குமா? புல் குறைந்த இடத்து யானை வேளாண்மைக்குள் வருகிறது, நாங்கள் வெடி கொளுத்துகிறோம்.

அல்லைத் திட்டத்து வயல்களுக்கும் அதே ஆற்றுத் தண்ணீர்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். தண்ணீர்க் கதவு யார் கையில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை, 2006இல் மாவிலாற்றுக் கதவை மூடியதில் வந்த சண்டை போதும். சரி, அரசியல் வேண்டாம் என்றீர்கள், நிறுத்திக்கொள்கிறேன்.


வட்டவிதானை எழுதியது:

நீரளவு, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். வயலில் மிஞ்சிய தண்ணீர் களப்பைக் கெடுக்கும் என்று இந்த வயதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. நாங்கள் கடைசி மடையைத் திறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம், அது எங்கே போகிறது என்று எவன் பார்த்தான்.

ஒன்று ஞாபகம் வந்தது. சின்ன வயதில் எங்கள் குளத்து வானில் தண்ணீர் மெல்லிசாகக் கசிகிற நேரம் ஈரக் கல்லில் விலாங்குக் குஞ்சு ஏறும். விரல் நீளம், பாம்புக் குட்டி என்று பயந்து ஓடியிருக்கிறோம். அப்புச்சி சொல்வார், அது கடலிலிருந்து வருகிறது என்று. நாங்கள் நம்பவில்லை, கடல் எங்கே குளம் எங்கே. இப்போது வானைக் கொங்கிறீட்டால் நேராகக் கட்டிவிட்டார்கள். விலாங்கும் இல்லை, யப்பான் மீன்தான் (திலாப்பியா) இருக்கிறது.

ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. தண்ணீர் வேண்டும். அதற்கு என்ன வழி சொல்கிறீர்கள்?


நீரளவு எழுதியது:

அப்புச்சி சொன்னது சரி ஐயா. விலாங்கு ஆழ்கடலில்தான் முட்டையிடும், குஞ்சு ஆற்று வழியாக மேலே ஏறும். சொரசொரப்பான ஈரக் கல் இருந்தால் போதும் அதற்கு, நேர்ச் சுவர் என்றால் முடியாது.

வழி என்று கேட்டால், முதலில் எவ்வளவு பெரிய தேக்கம் என்று பாருங்கள். அகலமாகவும் ஆழமில்லாமலும் கட்டினால் பாதித் தண்ணீரைக் கச்சான் குடித்துவிடும். ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று வைத்தாலும் நாலு மாதத்தில் 2 அடி போய்விட்டது, உங்கள் கதிருக்கு வேண்டிய தண்ணீர் அது. ஆற்றின் குறுக்கே ஒரே பெரிய அணையைப் போடுவதற்கு முன்னால், சுற்றியிருக்கிற தூர்ந்துபோன பழைய சிறுகுளங்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வான் பாயும் தொடர்குளங்கள்தான் நம் பக்கத்துப் பழைய முறை. மறித்தார்கள், ஆனால் ஒரே இடத்தில் மொத்தமாக மறிக்கவில்லை.

அணைதான் என்று முடிவானால் அடித்துருசு (அணையின் அடியில் ஒரு மதகு) வைக்கச் சொல்லிக் கேளுங்கள், முதல் மழைக்குத் தேக்கம் நிரம்பாவிட்டாலும் இரண்டு மூன்று நாள் கீழே விடக்கூடிய அளவில். நிரம்புவதற்கு முன் தண்ணீரை விடுவதா என்று பொறியியலாளர் முகத்தைச் சுளிப்பார், நானும் சுளித்திருப்பேன். அதனால் அது வாய்ப்பேச்சாக இல்லாமல் கதவு இயக்கும் விதியிலேயே, இந்த மாதம் இத்தனை நாள் என்று, எழுத்தில் இருக்க வேண்டும். வயல் கழிவு வாய்க்கால் களப்புக்குள் நேரே விழாமல் இருக்கவும் வரைபடத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள், கட்டிய பிறகு ஒருவரும் மாற்றமாட்டார்கள்.

கூட்டத்தில் கை தூக்கியது போதாது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் ஒரு திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை செய்தால் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், தமிழ்ப் பத்திரிகையிலும் அறிவித்தல் வரும், கருத்துச் சொல்ல 30 நாள். சிறு நீர்ப்பாசன வேலைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே இது எந்த வகைக்குள் போகிறது, எத்தனை ஹெக்டேயருக்குப் பாசனம் என்று எழுத்தில் கேளுங்கள்.

கரையோரம், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். முகத்துவாரம் எந்த வருடம் எந்தத் திகதியில் வெட்டுப்பட்டது என்று யாரிடமாவது கணக்கு இருக்கிறதா? மதிப்பீடு செய்ய வருகிற எவரிடமும் அது இருக்காது.


கரையோரம் எழுதியது:

எல்லோருக்கும் பெரிய நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை.

இரவு மாமாவுக்குப் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். வட்டவிதானை ஐயாவின் பதருக்குத் தலையை ஆட்டினார், "அந்தாளும் பாவம்தான்" என்றார். களப்புக்குத் தண்ணீர் கூடியதால் இறால் போன கதையை மட்டும் திரும்பவும் ஒருதரம் வாசிக்கச் சொன்னார்.

கடைசிக் கேள்வியை வாசித்ததும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்த் தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பழைய நாட்காட்டிகள், கடைக்காரர் வருடப்பிறப்புக்குக் கொடுக்கிறவை, சுருட்டி நைலோன் நூலால் கட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் ஒரு திகதியைச் சுற்றி நீலப் பேனையால் வட்டம். அன்றைக்குத்தான் வெட்டியிருக்கிறார்கள். சிலதில் ஓரத்தில் 'இறால் நல்லம்', 'மணலை', 'திரும்ப அடைச்சது' என்று எழுத்து. 2005 தொடக்கம் இருக்கிறது, அதற்கு முந்தியதைச் சுனாமியில் கடல் கொண்டு போய்விட்டது. நடுவில் சில வருடத்துக்கு வட்டம் இல்லை, போர்க்காலம், காரணம் எல்லோருக்கும் தெரியும்.

படம் எடுத்து ஏற்றலாம் என்றால் இப்போது கரண்ட் இல்லை, டோர்ச் வெளிச்சத்தில் எழுத்து விழவில்லை. நாளைக்குப் பகலில் போடுகிறேன்.


வட்டவிதானை எழுதியது:

எங்கள் குளம் வான் பாய்ந்த திகதி என்னுடைய கொப்பியில் இருக்கிறது தம்பி, 1998இலிருந்து. அதையும் அனுப்பவா?